“எல்லாம் சரி... நான் எங்கேடா உட்கார்றது?”

அப்பாவின் 1984 மாடல் புல்லட்டை ‘கஃபே ரேஸர்’ ஆக்கப்போகிறேன் என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினேன். ஒல்லியான ஒற்றை சீட், அதன் முடிவில் ஆமை ஓடு மாதிரி ஒரு கூம்பு, பின்சக்கரத்தைத் தொடும் முன்பே முடிந்துவிடும் குட்டை சைலன்ஸர். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “வண்டி அழகாத்தான் இருக்கு. நான் எங்கேடா உட்கார்றது?” என்றார்.

பழைய பைக்கை மாற்றிக் கட்டுகிறவர்கள் முதலில் கைவைப்பது சீட்டிலும் சைலன்ஸரிலும்தான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது என்று நினைத்து நானும் இறங்கினேன். ஆறு மாதம் ஆகிவிட்டது.

கஃபே ரேஸர் என்பது 1950, 60-களின் லண்டன் சமாச்சாரம். ஏஸ் கஃபே போன்ற டீக்கடைகளின் வாசலில் கூடிய இளைஞர்கள், மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட வேண்டும் என்பதற்காகத் தங்கள் வண்டியில் இருந்த கூடுதல் எடையையெல்லாம் கழற்றிப் போட்டார்கள். பின்னால் ஆள் ஏற்றும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. அதனால் ஒற்றை சீட். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1970-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் 1955-ல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் உருவான புல்லட் நிற்கவில்லை. இங்கே அது வேகத்துக்கான வண்டியாக இல்லை, குடும்ப வண்டியாக இருந்தது. டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்த அம்மா. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

முதலில் போன பட்டறையில், “சேஸிஸ் பின்பக்கத்தை அறுத்துட்டு வளைச்ச பைப் ஒண்ணு வெல்டு பண்ணிடலாம் சார், ரெண்டு மணி நேர வேலை” என்றார்கள். தலையாட்டிவிட்டும் வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அறுத்த பிறகு மனசு மாறினால் என்ன செய்வது?

புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் தேடியபோது ஒருவர் வழிகாட்ட, சீட் கட்டும் பெரியவர் ஒருவரிடம் போனேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “பின்னாடி யார் உட்காருவாங்க?”. அம்மா என்றேன். “அப்போ அறுக்க வேண்டாம்” என்று முடித்துவிட்டார்.

அவர் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் கழற்றினார். சக்கரத்தைக் கையால் மேலே தூக்கிக்கொண்டே போனார். பள்ளத்தில் விழும்போது சக்கரம் எவ்வளவு உயரம் வரும், சீட்டின் அடித்தகடு எங்கே வரை இறங்கலாம் என்பது அப்போதுதான் தெரியுமாம். இதைப் பார்க்காமல் சீட்டைத் தாழ்த்தினால், ஸ்பீடு பிரேக்கரில் டயர் மட்கார்டோடு சேர்ந்து சீட்டை முட்டும். பிறகு அட்டையில் அளவு வெட்டி, அதே வடிவத்தில் தகட்டை வளைத்தார். பழைய சீட் போல்ட்டுகள் இருந்த அதே துளைகளில்தான் புதியதும் உட்காருகிறது.

ஃபோம் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். கடையில் அழுத்திப் பார்க்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும் ஃபோம், அரை மணி நேரத்தில் அமுங்கித் தகட்டைத் தொட்டுவிடும். அதனால் அடியில் கெட்டியான துண்டு ஃபோம், மேலே மெல்லிய மிருதுவான அடுக்கு. ரெக்ஸின் தைப்பதற்கு முன் பத்து நிமிடம் என்னை அதன் மேல் உட்காரவைத்தார். சீட் பின்னால் நகர்ந்தால் கையும் காலும் எட்டாது, முதுகு வளையும் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் முதுகே சொல்லிவிட்டது.

அந்த ஆமை ஓட்டுக் கூம்பும் எனக்குக் கிடைத்தது. ஆனால் இரண்டு போல்ட்டில் கழற்றக்கூடிய மூடியாக. கழற்றினால் அடியில் அம்மாவுக்கான இடம், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. இடப்பக்கம் சேலை கார்டைக் கழற்ற நினைத்திருந்தேன். பெரியவர் விடவில்லை. புல்லட்டில் செயினும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, துணி சிக்காமல் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். தெருவில் ஓடும் பல ‘மாடிஃபைடு’ வண்டிகளில் மூன்றுமே இருப்பதில்லை.

அடுத்து சைலன்ஸர். இதில்தான் அடி வாங்கினேன். ஆசைப்பட்ட குட்டை சைலன்ஸரை மாட்டி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஆக்ஸிலரேட்டரை விட்டபோதெல்லாம் ‘படார் படார்’. ஒரு வாரத்தில் குழாய் நீலம் பாய்ந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

காரணம் எளிமையானது. புகை வெளியேறும் வழி தாராளமானால் இன்ஜின் அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. கார்புரேட்டரில் உள்ள ஜெட்டோ பழைய சைலன்ஸருக்கு ஏற்ற பெட்ரோலைத்தான் விடுகிறது. காற்று கூடி, பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் கொதிக்கும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, நீடிலை ஒரு படி ஏற்ற வேண்டும். பிளக் முனை டீ நிறத்துக்கு வந்தால் சரி. ஹெட்டோடு குழாய் சேரும் இடத்தில் கசிவு இருந்தாலும் இதே சத்தம் வரும். அதை முதலில் பார்க்காமல் ஜெட்டை மாற்றுவது வீண்வேலை. என் வண்டியில் இரண்டு கோளாறும் இருந்தன.

யெஸ்டி, ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் சைலன்ஸர் இன்ஜினின் ஒரு பாகம் மாதிரி. புகையோடு வெளியே ஓடப்பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை, சைலன்ஸருக்குள் மோதித் திரும்பும் அழுத்த அலைதான் உள்ளே தள்ளிவிடுகிறது. நீளத்தையும் வடிவத்தையும் மாற்றினால் சத்தம் கூடும், இழுவை போகும். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர் கொண்ட யெஸ்டியில் அழகுக்காக ஒன்றை அடைத்துவிடலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சட்டமும் கறார்தான். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் இருவர் என்று இருக்கும்போது நிரந்தர ஒற்றை சீட் வைத்தால் அதுவும் கேள்விக்குரியதே. சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆனால் நான் அந்தக் குட்டை சைலன்ஸரைக் கழற்றியது அபராதத்துக்குப் பயந்து அல்ல. அந்தப் படபடச் சத்தத்தோடு வந்த முதல் நாள், வாசலில் நின்று ஹாரன் அடித்தும் கேட் திறக்கவில்லை. உள்ளே போனால் அம்மா, “யாரோ எவரோன்னு இருந்துட்டேன்டா” என்றார். அப்பா தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தவர் அவர்.

புல்லட்டின் அந்த நிதானமான ‘டுக் டுக்’ நீண்ட ஸ்ட்ரோக்கில் இருந்து வருவது. 70 மி.மீ. சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்குகிறது. அதைக் காதுக்கு இதமாக்கித் தருவது சைலன்ஸருக்குள் இருக்கும் தடுப்புகள். பழைய நீளத்திலேயே, உள்ளே தடுப்போடு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினேன். ஜெட்டும் பழைய அளவுக்குத் திரும்பியது. பார்வைக்குக் கொஞ்சம் கிழட்டுத்தனம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கூம்பைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தேன். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “சத்தம் சரியா இருக்கு. சீட்டுதான் பலகை மாதிரி இருக்கு. அந்தப் பெரியவர்கிட்ட சொல்லி இன்னும் ஒரு இன்ச் ஃபோம் வைக்கச் சொல்லு.”

நாளை மறுபடி புதுப்பேட்டை.