ஆயில் மாற்றிய மறுநாள் சொட்டினால்...

பெங்களூர் ஸ்ரீராமபுரத்துச் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு ஒரு மோட்டார் சைக்கிள் சென்டர் ஸ்டாண்டில் நிற்பதையும், பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். ஆறு நாளும் வேலைக்கு ஓடிய வண்டிக்கு ஏழாம் நாள் வைத்தியம். செயின் துடைப்பது, பிரேக் சரி பார்ப்பது, ஆயில் மாற்றுவது எல்லாமே வாசலில் நடக்கும். பட்டறைக் கூலி மிச்சம் என்பது ஒரு காரணம். தன் கண்ணெதிரே மூடி திறந்து ஊற்றிய ஆயில் என்ற நிம்மதி இன்னொரு காரணம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றியவர்களில் ஒருவர், பீன்யா தொழிற்பேட்டையில் பிட்டராக வேலை பார்க்கும் இளைஞர். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். வைத்திருப்பது 100 சி.சி. வண்டி. பழைய ஆயிலை வடித்து, புது வாஷர் போட்டு, புது ஆயில் ஊற்றி, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய சரியான ஆயில்தான். ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை கோலம் போட வந்த மனைவிதான் முதலில் பார்த்தார். வண்டி நின்ற இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம்.

"என்னங்க, வண்டி ஒழுகுது. நேத்து என்ன பண்ணீங்க?"

"ஒரு சொட்டுதானே? சாயங்காலம் வந்து இன்னொரு இறுக்கு இறுக்கினா நின்னுடும்."

ஆனால் அவருக்கும் உள்ளூரக் கவலைதான். வரும் சனிக்கிழமை மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவதாக இருந்தார். கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஓசூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகவேண்டிய பயணம்.

ஒரு சொட்டு என்ன செய்யும்?

காரில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். 100 சி.சி. மோட்டார் சைக்கிளில் மொத்தமே 1 லிட்டருக்குள்தான். பிஸ்டனுக்கும், கியருக்கும், கிளட்சுக்கும் அந்த ஒரே ஆயில்தான் பாதுகாப்பு. எஞ்சின் ஓடும்போது ஆயில் சூடேறி இளகிவிடும். நிற்கும்போது ஒரு சொட்டு விட்ட ஓட்டை, ஓடும்போது பத்துச் சொட்டு விடும். நீண்ட தூரம் போகையில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கினால், பிஸ்டன் இறுகி எஞ்சின் நடுரோட்டில் நின்றுவிடலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆயில் வடிக்கும் போல்ட் எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கிறது. அங்கே ஒழுகுவதைக் காற்று பின்பக்கம் அடித்துக்கொண்டு போகும். பின்னால் இருப்பது டயர். டயரில் ஆயில் பட்டு, வளைவில் வண்டி சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

பைப்பைக் கீழே போடு!

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வந்ததும் இளைஞர் ஸ்பானரை எடுத்தார். கை வலு போதாது என்று, ஸ்பானரின் வாலில் மாட்ட முழ நீளத்துக்கு ஒரு இரும்புப் பைப்பையும் எடுத்தார்.

எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் எழுந்து வந்துவிட்டார். கோலார் தங்கவயலில் சுரங்கப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு மகனோடு பெங்களூருக்கு வந்து தங்கியவர்.

"தம்பி, முதல்ல அந்தப் பைப்பைக் கீழே போடு."

"ஒழுகுதுங்க ஐயா. இறுக்கணும்."

"போல்ட்டு இரும்பு. அது போற இடம் என்ன?"

இளைஞர் பதில் சொல்லவில்லை. பிட்டருக்குத் தெரியாத விஷயமா? எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம். தினமும் இரும்பில் பழகிய கை, வீட்டு வாசலில் அதை மறந்துவிட்டது.

வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். ஒழுகினால் இறுக்கு என்பது குழாய்க்குப் பொருந்தலாம், எஞ்சினுக்குப் பொருந்தாது. பல சிறிய வண்டிகளில் இந்தப் போல்ட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கைக்குப் புரியும்படி சொன்னால், 15 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 17 கிலோ தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் 25 என்பது. அதே ஸ்பானரை 45 சென்டிமீட்டராக நீட்டி அதே வேகத்தில் இழுத்தால் மூன்று மடங்கு ஆகிவிடும். அலுமினிய மரை அதைத் தாங்காது. வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்துவிடும்.

மரை போனால் லேத் பட்டறையில் புது மரை வெட்டலாம், அல்லது உள்ளே கம்பிச் சுருள் மரை பதிக்கலாம். அதுவும் நிற்காவிட்டால் கேஸையே மாற்றவேண்டும். அதற்கு எஞ்சினை இறக்கி முழுவதும் பிரிக்கவேண்டும். மிச்சம் பிடித்த கூலி பல மடங்காகக் கையைவிட்டுப் போகும்.

"மரை கழன்டா மனுசனுக்கும் கஷ்டம், வண்டிக்கும் கஷ்டம்" என்று பெரியவர் சிரித்தார்.

பவுடர் போட்டுப் பார்த்தார்கள்

எங்கிருந்து ஒழுகுகிறது என்பதையே இன்னும் யாரும் பார்க்கவில்லை. பழைய ஆயிலை வடிக்கும்போது எஞ்சினின் மடிப்புகளில் கொஞ்சம் தேங்கி நிற்கும். மறுநாள் அதுவே சொட்டும். கசிவே இல்லாமல் பயந்துபோய் போல்ட்டை முறுக்குகிறவர்கள் உண்டு. ஊற்றும் மூடியில் உள்ள ரப்பர் வளையம் நைந்தாலும் வழிந்து கீழேதான் வரும். அளவுக்கு மேல் ஊற்றினாலோ மூச்சுக்குழாய் வழியே வெளியேறும்.

தரையில் இருந்த சொட்டைப் பெரியவர் வெள்ளைக் காகிதத்தில் ஒற்றிப் பார்த்தார். தேன் நிறம். கன்னங்கரேல் என்று இருந்தால் பழைய ஆயிலின் மிச்சம் என்று விட்டுவிடலாம். இது நேற்று ஊற்றியது.

பிறகு எஞ்சினின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலரவிட்டு, குழந்தையின் முகப் பவுடரைப் போல்ட்டைச் சுற்றி லேசாகத் தூவினார்கள். வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டார்கள். வெள்ளைப் பவுடரில் போல்ட்டின் தலையை ஒட்டி ஈரக் கோடு ஒன்று பிறை மாதிரி தெரிந்தது. மேலே எங்கும் ஈரம் இல்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

"வாஷர் மாத்தினேனே ஐயா! புதுசு!"

"பழசை என்ன பண்ணினே?"

இளைஞர் யோசித்தார். பழைய வாஷரைத் தூக்கிப் போட்ட நினைவு அவருக்கு இல்லை.

இரண்டாவது வாஷர்

சூடு ஆறும்வரை காத்திருந்தார்கள். அவசரப்பட்டால் கை வெந்துபோகும். ஐந்து லிட்டர் கேனை வெட்டிய தட்டைச் சுத்தமாகத் துடைத்துக் கீழே வைத்து, போல்ட்டைக் கழற்றி ஆயிலைப் பிடித்தார்கள். ஒரு நாள் ஓடிய ஆயில்தான், தூசு விழாமல் பிடித்தால் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

ஓட்டையைச் சுற்றிப் பெரியவர் விரலால் தடவினார். பழைய வாஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது! ஆயிலும் அழுக்கும் படிந்து எஞ்சினின் நிறத்திலேயே இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்மேல் புது வாஷர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நசுங்கித் தழும்பேறிய பழையதோடு புதியது எப்படிப் பொருந்தும்? இடுக்கில் ஆயில் வழி கண்டுபிடித்துவிட்டது. பைப் போட்டு முறுக்கியிருந்தால் மரைதான் போயிருக்கும், ஒழுகல் நின்றிருக்காது.

ஸ்குரூ டிரைவரால் நெம்பப் போன இளைஞரைப் பெரியவர் தடுத்தார். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே புது ஒழுகலுக்கு வழி. மூங்கில் சிம்பால் மெல்லக் கிளப்பி எடுத்தார். முகத்தைத் துணியால் துடைத்தார். போல்ட்டின் மரையையும் துடைத்தார். ஒரு மணல் துகள் இருந்தாலும் போதும், கசியும்.

முதல் நாள் போட்ட வாஷரும் ஒருமுறை நசுங்கிவிட்டதால், மூலைக் கடையில் வேறொன்று வாங்கி வந்தார்கள். ஒரு டீ விலைதான். செம்பு வாஷர் என்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் பழையபடி மெதுவாகும், மறுபடி போடலாம் என்று தங்கவயல் வித்தை ஒன்றையும் பெரியவர் சொன்னார். அலுமினிய வாஷருக்கு அதெல்லாம் வேண்டாம், வாங்கிவிடுவதே மேல். மரையில் நூல் சுற்றுவது, டேப் சுற்றுவது, பசை பூசுவது எதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசிவரை ஏற்றினார்கள். விரலுக்கு ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஸ்பானரைத் தொடவே கூடாது. பிறகு ஸ்பானரைக் கழுத்துப் பக்கமாகக் குறுக்கிப் பிடித்து இழுத்தபோது வாஷர் லேசாக நசுங்குவது கையில் தெரிந்தது. அதற்குமேல் உறுதியாக ஒரு சிறு இழுப்பு. அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆயிலை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்திக் குச்சியில் அளவு பார்த்தார்கள். கொஞ்சம் குறைந்திருந்ததை டப்பாவில் மீந்ததிலிருந்து சேர்த்தார்கள். குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. முதல் நாள் வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், வேலைக்குப் போகும் வழியில் பட்டறை டிரம்மில் சேர்த்துவிட்டார்.

அன்றிரவு வண்டிக்கு அடியில் நேற்றைய பத்திரிகையை விரித்து வைத்தார் மனைவி. காலையில் எடுத்துப் பார்த்தபோது அச்செழுத்தைத் தவிர அதில் கறுப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை வரை தினமும் விரித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் கிளம்பினார்கள். ஓசூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினபோது, இளைஞர் குனிந்து போல்ட்டின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது புழுதி மட்டும்தான்.