கட்டாத வாடகையும் பத்து வெள்ளிப் பங்கும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே போகும் சாலையில், கீ பார்ம், திரிங்காப் ஆகிய இடங்களுக்கு அடுத்து வருவது கோலா தெர்லா. இன்னும் சற்றுத் தூரம் போனால் கம்போங் ராஜா. அதன் பக்கத்தில் புளூ வேலி தேயிலைத் தோட்டம். கார் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போகும் சுற்றுலாப் பயணிக்கு இங்கே தெரிவதெல்லாம் பச்சைச் சரிவும், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளும், பனிமூட்டமும்தான். அந்தச் சரிவில் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சிக்கனம் என்று பேச்செடுத்தாலே, விளக்கை அணையுங்கள், தேநீரைக் குறையுங்கள், துணி எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். தோட்டத்துக் குடும்பத்திடம் போய் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். பழைய சோற்றிலிருந்து பழைய சேலை வரை எதையும் வீணாக்காமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்படி வாழ்ந்தும் வேலை ஓயும் வயதில் கையில் ஒன்றும் தங்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். ஏன்?

காரணம் வீட்டில் இருக்கிறது. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை இருக்கும் வரை வாடகை கிடையாது, அல்லது பெயருக்கு ஒரு தொகை. பட்டணத்தில் அதே சம்பளம் வாங்குபவர் மாதம் பிறந்ததும் வாடகைக்கு ஐந்நூறு, அறுநூறு வெள்ளி எடுத்து வைக்கவேண்டும். தோட்டத்தில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் சம்பளம் முழுவதும் செலவுக்குரியது என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. உண்மையில் அந்த வாடகை தள்ளுபடி ஆகவில்லை, தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. வேலை முடியும் நாளில் வீட்டைக் காலி செய்யவேண்டும். 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் இருக்கிறது. ஆக, அறுபதாவது வயதில், சம்பளம் நின்றுபோன அதே மாதத்தில், ஒருவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக முன்பணம் கட்டி வாடகை வீடு தேட வேண்டியிருக்கிறது. தோட்டப்புற வறுமையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். இந்த ஒரு மாதத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

எனவே லயத்து வீட்டில் இருக்கும் குடும்பத்தின் மாதக் கணக்கில் முதல் வரி, 'கட்டாத வாடகை' என்று இருக்கவேண்டும். இருநூறு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்கிறார் என்று நினைத்து, சம்பளம் வந்த அன்றே அதை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடவேண்டும். இருபது ஆண்டில் வட்டி சேராமலே 48,000 வெள்ளி. இதற்குப் புதிய அறிவு ஒன்றும் தேவையில்லை. இந்த நாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் ஒருமுறை இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஜாமீன் இல்லாதவர்கள் வாங்கிய நிலம்

1950-களில் மலாயாவின் பெரிய ரப்பர் தோட்டங்களை வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வந்தவர்கள் இல்லை. நிலத்தைத் துண்டு துண்டாக்கி விற்று லாபம் பார்க்க வந்தவர்கள். தோட்டத் துண்டாடல் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். தோட்டம் துண்டானால் வேலை போகும், வேலை போனால் லயம் போகும், பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் யார் கைக்குப் போகும் என்றே தெரியாது. மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் சட்டி பானையோடு சாலைக்கு வந்தன.

அந்த நேரத்தில் ம.இ.கா.வின் தேசியத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன். தோட்டத்தை வாங்குவதற்குத் தொழிலாளிக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. தனி ஆளாக அவரிடம் ஜாமீன் வைக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்தால்? 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி கேட்டார். நாட்கூலி ஒரு சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது பல நாள் சாப்பாட்டுக் காசு. நம்பாமல் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் வந்து சேர்ந்தன. பதவிகளை விட்ட பிறகும் 1979-ல் காலமாகும் வரை சம்பந்தன் இந்தச் சங்கத்தோடுதான் இருந்தார். இன்று கோலாலம்பூரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தின் அடியில் கிடப்பது அந்தப் பத்து வெள்ளிகள்தான்.

அரசியலில் அவரை ஏற்காதவர்களும் ஏற்றுக்கொண்ட காரியம் இது. அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அந்தப் பத்து வெள்ளி ஏன் சேர்ந்தது என்பது. கொடுத்தவருக்கு அது எதற்கு என்று தெரிந்திருந்தது. "சேமியுங்கள்" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நீ குடியிருக்கும் மண்ணை வாங்கப் போகிறோம் என்று சொன்னார்கள்.

அதே காலத்தில் மலாய்க் கிராமங்களிலும் இது போல ஒன்று நடந்தது. ஹஜ் யாத்திரைக்காகக் காசைத் தலையணைக்குள் ஒளித்து வைத்தும், கடைசியில் நிலத்தையும் மாட்டையும் விற்றும் மக்காவுக்குப் போய்வந்த விவசாயி, திரும்பி வந்ததும் ஏழையாகிவிடுவதைப் பொருளாதார நிபுணர் உங்கு அஜீஸ் கவனித்தார். 1959-ல் அவர் எழுதிக் கொடுத்த திட்டம் 1963-ல் செயல்படத் தொடங்கியது. இன்று தாபோங் ஹாஜி என்று எல்லாருக்கும் தெரிந்த நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். இரண்டு இடத்திலும் சேமிப்புக்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இல்லாத சேமிப்பு தீபாவளி வரைக்கும் தாங்காது.

தீபாவளி என்றதும் முன்பணம் ஞாபகத்துக்கு வரும். பண்டிகைக்கு முன் 600 வெள்ளி முன்பணம் வாங்கி, பிறகு ஆறு மாதம் நூறு நூறாகப் பிடித்தம் கொடுப்பது தோட்டங்களில் பழகிப்போன ஒன்று. அதே 600 வெள்ளி, மாதம் ஐம்பது வீதம் முன்கூட்டியே எடுத்து வைத்தால் பன்னிரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும். தொகையில் ஒரு காசு வித்தியாசம் இல்லை. ஆனால் முன்பணம் வாங்கிய வீட்டில் ஜனவரியில் பள்ளிச் செலவு வரும்போது சம்பளத்தில் நூறு வெள்ளி குறைந்திருக்கும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் கடையில் பற்று எழுதுவது தொடங்குகிறது. கங்காணி கொடுத்த முன்பணத்தோடு கப்பலேறிய காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. செலவு முதலில், சம்பாத்தியம் பிறகு.

கூட்டும் அடகும்

இந்தப் பழக்கத்துக்குப் பெண்கள் கண்டுபிடித்த மாற்று மருந்துதான் கூட்டு. பன்னிரண்டு பேர் மாதம் நூறு வெள்ளி போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் 1,200 வெள்ளி எடுப்பார். பக்கத்து வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கவேண்டுமே என்ற வெட்கம் எந்த வங்கி மேலாளரையும்விட நன்றாகப் பணத்தை வசூலிக்கும். எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், கம்மல், சங்கிலி வந்ததும் கூட்டுப் பணத்தால்தான். ஆனால் தலைவி ஊரைவிட்டுப் போய்விட்டால்? 1971-ல் வந்த கூட்டு நிதித் தடைச் சட்டம், கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடை செய்கிறது. பணம் போனால் போனதுதான். இப்போது அது லயத்தைவிட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அங்கே முகம் தெரியாதவர்கள் நூறு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். முகத்தைப் பார்க்கும் வெட்கம் ஒன்றுதான் கூட்டுக்கு ஜாமீனாக இருந்தது. அதுவும் இல்லாத கூட்டில் சேராமல் இருப்பதே மேல்.

நகை சேர்ப்பதும் சேமிப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அடகுக் கடைக்குப் போகும்போது கணக்கு தெரிந்து போகவேண்டும். 1972-ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி மாத வட்டி 2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. கேட்க இரண்டுதானே என்று தோன்றும். 1,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120 வெள்ளி வட்டி. வருடத்துக்கு 24 விழுக்காடு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஜாமீன் இல்லாத கடனுக்கே வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆ லோங் என்னும் வட்டி முதலைகளுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. மின்கம்பத்தில் கைபேசி எண் ஒட்டிவிட்டுப் போகும் அவர்களிடம் வாங்கும் கடனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதே வீண்.

சம்பளச் சீட்டில் இருக்கும் பணம்

2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. சிறிய முதலாளிகளுக்கு அது அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. இந்தச் சம்பளத்தில் தொழிலாளியின் சேமநிதிப் பிடித்தம் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி போடவேண்டியது 13 விழுக்காடு, 221 வெள்ளி. மொத்தம் மாதம் 408 வெள்ளி. கணவன், மனைவி இருவரும் வேலை செய்தால் 816 வெள்ளி. வீட்டில் யாரும் சேமிக்கவில்லை என்று நினைக்கும் குடும்பத்தில்கூட இவ்வளவு சேர்ந்துகொண்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. சாதாரணத் தொழிலாளிக்கு இதைவிடப் பாதுகாப்பாக இவ்வளவு கிடைக்கும் இடம் அரிது. முதலாளி அந்தப் பணத்தை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதை மட்டும் பார்க்கவேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், வாரியத்தின் கணக்கில் இருக்காது. கைபேசிச் செயலியில் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் மாதம் ஒருமுறை பார்த்துச் சொல்லலாம்.

2024 மே 11 முதல் இந்தப் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது. ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, பிளெக்சிபல் கணக்குக்கு 10. மூன்றாவது கணக்கில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 408 வெள்ளியில் அது 40 வெள்ளி 80 காசு. அவ்வப்போது எடுத்துவிட்டால் எங்கே போனது என்றே தெரியாது. விட்டுவைத்தால் ஒரு வருடத்தில் 490 வெள்ளி வரை நிற்கும். ஆஸ்பத்திரிச் செலவோ ஊரில் ஒரு சாவோ வந்தால் ஆ லோங்கிடம் போகாமல் தடுக்க அது போதும். கோவிட் காலத்தில், 2020 முதல் 2022 வரை, நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாக மக்கள் எடுத்த சேமநிதிப் பணம் 145 பில்லியன் வெள்ளி. பசிக்கு எடுத்தவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. புது கைபேசிக்கு எடுத்தவரும் உண்டு என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது கணக்கான செஜாத்ராவைத்தான் தோட்டத்துக் குடும்பம் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். வீடு வாங்கவோ கட்டவோ அதிலிருந்து பணம் எடுக்க வாரியம் அனுமதிக்கிறது. 'கட்டாத வாடகை' என்று ஒதுக்கிய பணமும் இதுவும் சேர்ந்தால், ஐம்பது வயதுக்குள் மலைக்குக் கீழேயாவது ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் ஆகும். அறுபதில் தேட ஆரம்பித்தால் வங்கி கடன் கொடுக்காது.

சமையலறைக்கு வருவோம். கோலா தெர்லாவில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. வேலியில் ஏற்றிவிட்ட சௌசௌ கொடி கேட்காமலே காய்க்கும். சந்தைக்குப் போக அழகில்லாத முட்டைக்கோஸும் தக்காளியும் தோட்டத்திலேயே மலிவாகக் கிடைக்கும். அரிசி, மீன், பருப்பு, எரிவாயு எல்லாம்தான் மலையேறி வரவேண்டும். அரசாங்க உதவித்தொகை உள்ள ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசு, 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26 வெள்ளி 60 காசு என்பது கட்டுப்பாட்டு விலை. தோம்பைக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி தனியாகச் சேரலாம், கேட்டு வாங்கவேண்டும். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கினால் எல்லாம் மலிவு என்று மாதா மாதம் காரெடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலும், பிள்ளைகள் கேட்கும் கோழிப் பொரியலும், வழியில் வாங்கும் விளையாட்டுப் பொருளும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், மலைமேல் கடையில் வாங்கியதே மலிவு என்று தெரியவரும். நான்கு குடும்பம் சேர்ந்து ஒரே வண்டியில் போனால் வேறு கதை.

சிகரெட்டும் சம்சுவும் சமையலறைக் கணக்கில் எழுதப்படுவதில்லை. நாளுக்கு 12 வெள்ளி என்றால் மாதம் 360 வெள்ளி, ஒருவருடைய சேமநிதிப் பிடித்தத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண்ணெய்ப் பொட்டலத்தில் ஐம்பது காசு மிச்சம் பிடிக்கும் மனைவியிடம் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைக் கணவர் ஒருமுறை தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

ஒரு வேலை மட்டும் பல குடும்பங்களில் செய்யாமலே கிடக்கிறது. சேமநிதிக் கணக்கில் வாரிசுப் பெயர் கொடுப்பது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்றாமல் விட்டவர்கள் உண்டு. பெயரே கொடுக்காதவர்களும் உண்டு. கணவர் திடீரென்று இறந்தால், பெயர் இல்லாத கணக்கிலிருந்து முழுப் பணத்தையும் வாங்க மனைவி பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டும். பெயர் கொடுப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மைகார்டை எடுத்துக்கொண்டு வாரியத்தின் அலுவலகத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் போதும்.