அடுப்பு மூட்டாத விருந்து

வள்ளுவப் பெருந்தகை இல்லறவியலில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறட்பாக்களையும் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் விருந்தினர் வந்தவுடன் நம் வீடுகளில் ஒருவர் காணாமற் போய்விடுகிறாரே, அவரைப் பற்றி என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? அவர் வேறு யாருமல்லர், நம் அம்மாதான்.

சென்ற கோடை விடுமுறையில் என் வகுப்புத் தோழியர் நால்வர் எங்கள் வீட்டிற்கு வந்தனர். வந்தவர்களை "வாங்கம்மா" என்று அழைத்துவிட்டு உள்ளே சென்ற அம்மா, வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் காப்பியும் செய்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தோழியருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவர்களை வழியனுப்பிய பின், "வந்த பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை உட்கார்ந்து பேசலியே" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்கு வித்து.

நமக்குப் புதியதன்று

மேனாட்டார் உணவுக்கு முன்னர்ச் சிறு தட்டுகளில் பசியைத் தூண்டும் பண்டங்களை வைத்து, அவற்றைக் கொறித்தபடி உரையாடுவர். அவற்றுள் பல அடுப்பேறாதவை. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் கோடைக்காலத்தில் தக்காளியையும் வெள்ளரியையும் அரைத்துப் பருகும் 'கஸ்பாச்சோ' என்னும் குளிர்ந்த சாறு இவ்வகையைச் சேர்ந்தது.

இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. இராமநவமியன்று வழங்கும் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு ஆகிய மூன்றில் எதற்கும் அடுப்பு தேவையில்லை. குசேலர் தம் நண்பனைக் காண எடுத்துச் சென்றது ஒரு பிடி அவல்தான். பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலம் இவற்றைப் பிசைந்து செய்யப்படுவது. அதற்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே, அடுப்பில்லா உணவு நமக்கு நன்கு அறிமுகமானதே. கோயிலிலும் பண்டிகையிலும் அதை நிறுத்திவிட்டு, வீட்டிற்கு வந்தவர்க்கு மட்டும் எண்ணெய்ச் சட்டியை வைப்பதுதான் வியப்பு.

தீயின் வேலையைச் செய்வது யார்?

சமைத்தல் என்பது உணவை மென்மையாக்குவது, செரிக்கத் தக்கதாக்குவது, கிருமிகளை அழிப்பது ஆகிய மூன்று வேலைகளைச் செய்கிறது. அடுப்பை நீக்கினால் இவற்றை வேறு வழியில் நிறைவேற்ற வேண்டும்.

முதலாவது, முன்பே தீயைக் கண்ட பொருள்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டையாக்கினால் அவல் கிடைக்கிறது. அதன் மாவுச்சத்து ஏற்கனவே வெந்துவிட்டமையால் நமக்கு மிஞ்சுவது நனைக்கும் வேலை மட்டுமே. பொட்டுக்கடலையும் பொரியும் வறுத்த வேர்க்கடலையும் இத்தகையனவே.

இரண்டாவது, நீர். உடைத்த பாசிப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினாலே பல்லுக்கு மென்மையாகிவிடும். முழுப் பயறாயின், ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் கட்டி வைத்தால் முளைவிடும். உலர்ந்த பயற்றில் இல்லை என்று சொல்லத்தக்க அளவிலிருக்கும் 'சி' வைட்டமின் முளைக்கும்போது பெருகுகிறது.

மூன்றாவது, புளிப்பு, உப்பு, இனிப்பு. இவை சுவைக்காக மட்டுமல்ல. கிருமிகளின் பெருக்கத்தையும் தடுக்கின்றன. ஆனால் தடுப்பது வேறு, அழிப்பது வேறு. எலுமிச்சைச் சாறு தீயாகிவிடாது. இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆறு பேருக்கு நான்கு தட்டுகள்

1. வடைப்பருப்பு: ஒரு டம்ளர் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரை நன்றாக வடிக்கவும். ஒரு வெள்ளரிக்காய், அரை மாங்காய், ஒரு பச்சை மிளகாய் இவற்றைப் பொடியாக நறுக்கி, இரண்டு கரண்டி தேங்காய்த் துருவலும் கொத்துமல்லியும் சேர்த்துக் கலக்கவும். அரை மூடி எலுமிச்சையும் உப்பும் பரிமாறும் நேரத்தில்தான் சேர வேண்டும். முன்பே உப்பிட்டால் சவ்வூடு பரவலால் காயிலுள்ள நீர் வெளியேறித் தட்டில் குளம் கட்டும். தாவரவியல் வகுப்பில் உருளைக்கிழங்கைக் குடைந்து செய்யும் அதே சோதனைதான் இது! கடுகு தாளிக்க வழியில்லாத குறையை ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தூள் தீர்க்கும்.

2. வெள்ளரி வட்டம்: அழகுக்கு இதைவிட ஒன்றில்லை. அரை டம்ளர் பொட்டுக்கடலை, கால் மூடித் தேங்காய், இரண்டு பச்சை மிளகாய், சிறிது புளி, உப்பு இவற்றைக் கெட்டித் துவையலாக அரைக்கவும். நீர் அதிகம் விடலாகாது. வெள்ளரிக்காயை விரற்கடை கனத்தில் வட்டமாக அரிந்து ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றின் மீதும் சுண்டைக்காய் அளவு துவையலை வைக்கவும். அதன் மேல் ஒரு மாங்காய்ச் சீவலும் ஒரு மல்லி இலையும் வைத்து, வாழையிலை விரித்த தட்டில் அடுக்கினால் பச்சையும் வெண்மையும் கண்ணைக் கவரும். இதைச் செய்து கால் மணி நேரத்திற்குள் பரிமாற வேண்டும்.

3. வெல்ல அவல்: இரண்டு டம்ளர் மெல்லிய அவலை வடிகட்டியில் இட்டு நீரில் அலசி உடனே வடித்து, ஐந்து நிமிடம் மூடி வைக்கவும். கெட்டி அவலாயின் கால் மணி நேரம் ஊற வேண்டும். முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், அரை மூடித் தேங்காய்த் துருவல், இரண்டு ஏலக்காய் சேர்த்துப் பிசிறினால் போதும். இனிப்பு வேண்டாதவர்க்கு அதே அவலில் கெட்டித் தயிர், இஞ்சி, உப்பு சேர்க்கலாம்.

4. பானகம்: ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் வெல்லம். அதைக் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் தூசும் அப்போதுதான் நீங்கும். ஒரு எலுமிச்சம் பழத்தின் சாறு, அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், சிறிது ஏலம் சேர்த்து மண்பானையில் வைத்துவிடலாம். காரம் விரும்புவோர் நீர்மோர் செய்துகொள்ளலாம்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு.

நான்கையும் முடிக்க, ஊறும் நேரம் நீங்கலாக, ஒருவருக்கு அரை மணி போதும். இருவர் சேர்ந்தால் இன்னும் விரைவு. அடுப்படி எந்தப் பக்கம் என்றே அறியாத நம் மாணவ நண்பர்களும் செய்யக்கூடிய வேலைதான் இது. விடுதி அறையில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது விதி; வடைப்பருப்பு எந்த விதியையும் மீறுவதில்லை!

தீ இல்லாத இடத்தில் விழிப்பு வேண்டும்

வெந்த உணவில் நம் கவனக்குறைவைத் தீ பெரும்பாலும் மன்னித்துவிடும். வேகாத உணவில் மன்னிப்பு இல்லை. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில், முளைகட்டிய வெந்தயத்தின் வழியே பரவிய ஈ.கோலை என்னும் பாக்டீரியாவால் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதை முளைக்க வேண்டிய ஈரமும் வெப்பமும் கிருமிக்கும் உகந்தவை என்பதே காரணம். எனவே குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார் ஆகியோருக்கு முளைப்பயற்றை வேகவைத்தே தர வேண்டும். நம் நான்கு தட்டுகளில் முளைப்பயற்றை நான் சேர்க்காததும் இதனால்தான்.

நீர்: பருகவும் பருப்பை ஊறவைக்கவும் அவலை அலசவும் முந்தைய இரவே காய்ச்சி ஆறவைத்த நீரையே பயன்படுத்துக. அடுப்பு மூட்டாத விருந்து என்றேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும்.

கத்தியும் கையும்: மீன், இறைச்சி நறுக்கிய கத்தியும் பலகையும் இதற்கு ஆகா. சோப்பிட்டுக் கழுவிய கை வேண்டும். கொத்துமல்லியை வேரை நீக்கி, ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும்.

காலம்: நறுக்கிய காயும் துருவிய தேங்காயும் கலந்த பண்டத்தை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது. வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை. நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அந்த ஒரு மணியையே கணக்கில் கொள்வது நலம். மீந்ததை இரவுக்கு வைத்திருப்பது சிக்கனம் ஆகாது.

அடுப்பில்லை என்பதற்காக எல்லாவற்றையும் பச்சையாக உண்ணவும் கூடாது. மரவள்ளிக்கிழங்கில் சயனைடு நஞ்சை வெளிப்படுத்தும் பொருள் உண்டு. சிவப்புக் காராமணியைப் போலத் தோன்றும் ராஜ்மாப் பயற்றிலும் நச்சுப் புரதம் உண்டு. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் அது நீங்காது. இவற்றை நன்கு வேகவைத்தே தீர வேண்டும்.

அம்மா அமர்ந்த நாள்

அரையாண்டு விடுமுறையில் அதே தோழியர் மீண்டும் வந்தனர். இம்முறை பருப்பை நான் ஊறவைத்தேன். மாங்காயைத் தம்பி நறுக்கினான், சற்றுக் கோணலாக. அம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "சூடா ஒண்ணும் குடுக்காம அனுப்பறதா?" என்றார். தட்டுகளை நடுவில் வைத்து, அவரையும் கையைப் பிடித்து அமர வைத்தோம்.

பேச்சு எங்கெங்கோ சென்றது. தாம் பத்தாம் வகுப்பில் கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்ததையும், மேலே படிக்க முடியாமற் போனதையும் அம்மா தோழியரிடம் சொன்னார். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அது எனக்குத் தெரியாது. வந்தவர்களில் ஒருத்தி கணிதம் பயில்பவள். இருவரும் பேசிக்கொண்டே இருந்ததில் அன்றும் பேருந்து தவறிவிட்டது. ஆனால் யாரும் வருந்தவில்லை.

பஜ்ஜியும் கேசரியும் வேண்டாம் என்பது என் வாதமன்று. மழை நாளில் சூடான பஜ்ஜிக்கு ஈடு ஏது? ஆயினும் விருந்து என்பது இலையில் இடுவது மட்டுமன்று, உடன் அமர்வதுமாகும். அடுத்த முறை உங்கள் வீட்டு வாயிலில் விருந்தினர் வந்து நிற்கும்போது, பருப்பை ஊறவைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுப்படியில் மறைந்துபோகும் ஒருவர் அன்று கூடத்தில் இருப்பார்.