காருக்கு அமிர்தம், பைக்குக்கு வினை!

போன செமஸ்டர் லீவுல நான் செய்த ஒரு புத்திசாலித்தனமான வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பாவோட காருக்கு ஆயில் மாற்றியதில் ஒரு லிட்டர் மீதி. விலை கூடின சிந்தெடிக் ஆயில். வீணாப் போகுதேன்னு என் 125 சிசி பைக்குக்கு ஊற்றிவிட்டேன். சில நாள் கழித்து மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி ஏறல. கிளட்ச் ஸ்லிப்!

"ஆயில் நல்ல ஆயில்தான் தம்பி, இந்த வண்டிக்குத்தான் ஆகாது" என்றார் மெக்கானிக். படிக்கிறது மெக்கானிக்கல் என்று அவரிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் டப்பாவைப் பார்த்துத்தான் ஊற்றினேன். அதில் பெரிதாக 5டபிள்யூ-30 என்று இருந்தது. என் பைக்குக்கு 10டபிள்யூ-30. பின்னால 30 ஒண்ணுதானே என்று நினைத்தேன். அந்த எண் எஸ்.ஏ.இ. ஜே300 தரநிலைப்படி ஆயிலின் பாகுநிலையை மட்டுமே சொல்கிறது. டபிள்யூ என்பது 'வெயிட்' இல்லை, 'விண்டர்'. முன்னால் இருக்கிற 10 டிகிரியும் இல்லை, வெறும் கிரேடு. குளிரில் ஸ்டார்ட் ஆகும் நிலைக்கான சோதனை 10டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 25 டிகிரியில் நடக்கும், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15ல். (ஊட்டியிலகூட அவ்வளவு குளிர் கிடையாது!) பின்னால் வரும் 30 என்றால் 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள். எண் பெரிசா இருந்தா ஆயில் உசத்தி என்று அர்த்தமே இல்லை.

அடுத்தது ஏ.பி.ஐ. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் தருகிற தர வகை. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, 'சி' என்றால் டீசலுக்கு. பெட்ரோல் வரிசையில் இரண்டாவது எழுத்து தள்ளிப்போகப் போகப் புதுசு: எஸ்.என். 2010ல் வந்தது, எஸ்.பி. 2020ல். என் மேனுவலில் எஸ்.எல். அல்லது அதற்கு மேல் என்று இருந்தது, டப்பாவில் எஸ்.என். இதுவும் ஓகே! அப்புறம் எங்கே தப்பு?

காரில் கிளட்ச் இன்ஜினுக்கு வெளியே உலர்ந்து கிடக்கும். கியர் உள்ள நம்ம பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அதிலேயே குளித்துக்கொண்டிருக்கும். மைலேஜுக்காகக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்கள் சேர்ப்பார்கள். பிஸ்டனுக்கு அது வரம். ஆனால் கிளட்ச் வேலை செய்வதே உராய்வை நம்பித்தானே?

இந்தச் சிக்கலுக்காகவே 1998ல் ஜப்பானில் ஜாசோ டி903 என்ற தரநிலை வந்தது. ஆயிலை கிளட்ச் பிளேட்டோடு ஓடவிட்டு உராய்வை அளப்பார்கள். எம்.ஏ. என்றால் ஆயிலில் நனையும் கிளட்சுக்குச் சரி, அதிலேயே எம்.ஏ.2 கூடுதல் பிடிப்பு. எம்.பி. என்றால் உராய்வு குறைவு, கிளட்ச் ஆயிலில் படாத ஸ்கூட்டர்களுக்கு. என் கார் டப்பாவில் ஜாசோ வரியே இல்லை. இல்லாததைத்தான் நான் பார்க்கவில்லை.

இன்னொரு தடயமும் இருந்தது. ஏ.பி.ஐ. வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அது எரிபொருள் மிச்சத்துக்காகச் செய்த கார் ஆயில். கியர் பைக் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்ததும் டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம்.

எனக்கு எம்.ஏ.2 ஆயில் மாற்றியும் ஸ்லிப் முழுசா போகல. கடைசியில் கிளட்ச் பிளேட் செட்டையே மாற்ற வேண்டியதாச்சு. இப்ப மேனுவலில் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன்.