ஒரு மில்லிமீட்டர் பிசகினால்

மார்கழி பிறக்கும் நாட்களில், நள்ளிரவு வாக்கில், நீடாமங்கலத்தில் அண்ணாந்து பார்த்தால் ரோகிணி நட்சத்திரத்துக்குக் கிழக்கே நண்டு நெபுலா இருக்கும். 1054இல் சீனர்கள் பார்த்துக் குறித்துவைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் அது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அடிவானத்திலிருந்து சுமார் 79 டிகிரி உயரத்தில், உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். லடாக்கின் ஹான்லேயிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே 79 டிகிரிதான். சாய்வு மட்டும் தெற்கே. இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் வாய்த்த பொருத்தம் இது.

அந்த ஹான்லேயில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், நண்டு நெபுலா போன்றவற்றிலிருந்து வரும் காமா கதிர்களைத் தேட, பாபா அணு ஆராய்ச்சி மையம் கட்டிய மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று திறக்கப்பட்டது. இந்த வகையில் ஆசியாவிலேயே பெரியது, உலகிலேயே உயரமான இடத்தில் இருப்பது என்றுதான் செய்திகள் வந்தன. உண்மையான சாமர்த்தியம் உயரத்தில் இல்லை. கண்ணாடிகளைத் திருப்பி நிறுத்துவதில் இருக்கிறது.

காமா கதிர் தரை வரை வருவதில்லை. மேல் காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறுகிறது. அந்தத் துகள்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சிப் பாய்வதால் மங்கலான நீல வெளிச்சம் பிறக்கிறது. இதுதான் செரன்கோவ் ஒளி. நொடியைப் பத்துக் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1970களிலும் 80களிலும் நம் ஊட்டியில் சர்ச்லைட் கண்ணாடிகளை வைத்து இந்த ஒளியைத்தான் பிடிக்கப் பார்த்தார்கள்.

மேஸின் 21 மீட்டர் விட்டம் ஒரே கண்ணாடி அல்ல. ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரத்தில் 356 பலகைகள். ஒவ்வொன்றிலும் நான்கு அலுமினியக் கண்ணாடிகள். எல்லாம் சேர்ந்து 25 மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவில் ஒளியைக் குவிக்க வேண்டும். கேமராவில் ஒளியை உணரும் 1,088 குழாய்கள். ஒவ்வொன்றின் பங்கும் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பலகையின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர், அதாவது நெல்மணியின் தடிமனில் பாதி, தூக்கிவிட்டால் போதும். கண்ணாடி சாய்ந்த கோணத்தைப் போல இரண்டு மடங்கு ஒளி திரும்பும் என்பதால், அது கேமராவில் ஐந்து சென்டிமீட்டர் விலகிப் பக்கத்துக் குழாயில் விழும்.

அதனால் ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் மோட்டார்கள். தொலைநோக்கியைப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நோக்கித் திருப்பினால், சீர் செய்யாத பலகைகள் ஆளுக்கொரு புள்ளியாக அதைக் காட்டும். சிதறிய புள்ளிகளெல்லாம் ஒன்றாகும் வரை பலகைகளை அசைக்க வேண்டும்.

கண்ணாடி சரியானாலும் குறி சரியாகிவிடாது. சுமார் 180 டன் எடை வட்டத் தண்டவாளத்தில் ஆறு சக்கரங்களில் சுற்றுகிறது. காற்றைத் தடுக்கக் கூரையும் கிடையாது. தொலைநோக்கி நிமிர்வதற்கும் தாழ்வதற்கும் ஏற்ப எஃகுச் சட்டம் சற்று வளையும், கேமராவும் தொய்யும். கோணத்தில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் கேமராவில் ஏழு மில்லிமீட்டர். இதைப் பூட்டி இறுக்கித் தீர்க்க முடியாது. வானத்தின் பல திசைகளிலும் இடம் தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்து, எங்கே எவ்வளவு விலகுகிறது என்று அட்டவணை போட்டு, அதைக் கணினியில் கழிக்கிறார்கள்.