வண்டியின் கணிப்பொறியை மாற்றுமுன்

பல ஆண்டுகள் உழைத்த வான் வண்டியொன்று ஒருநாள் காலையில் கிளம்ப மறுக்கிறது. ஸ்டார்ட்டர் சுழல்கிறது, தொட்டியில் டீசலும் இருக்கிறது, ஆயினும் எஞ்சின் ஓடவில்லை. கணிப்பொறி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி, விலை மிகுந்த புதிய பெட்டியொன்றை வரவழைத்துப் பொருத்துகின்றனர். சின்னாட்களில் அதே கோளாறு மீண்டும் தோன்றுகிறது. சில வேளைகளில் புதிய பெட்டியும் கருகிவிடுகிறது. தடுப்பூசி மருந்தையோ பள்ளிக் குழந்தைகளையோ ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இவ்வாறு நேருமாயின், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. கணிப்பொறிதான் குற்றவாளியா என்பதை முதலில் நிலைநாட்டுவதும், அது கெட்டதன் காரணத்தை நீக்கிய பின்னரே மாற்றுவதும் இதனைத் தவிர்க்கும் வழிகளாகும்.

கணிப்பொறியின் பணி

பழைய டீசல் எஞ்சினில் எரிபொருளின் அளவையும் அது பாயும் தருணத்தையும் பம்பின் இயந்திர உறுப்புகளே தீர்மானித்தன. 1990-களின் பிற்பகுதியில் ‘காமன் ரெயில்’ முறை பரவலாயிற்று. இம்முறையில் டீசல் ஒரு பொதுக் குழாயில் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கிவைக்கப்படுகிறது. இன்ஜெக்டர்களைத் திறந்து மூடும் பொறுப்பு மின்னணுக் கணிப்பொறியைச் சார்ந்தது. தொழிற்கூடங்களில் இதனை ‘ஈ.சி.எம்.’ அல்லது ‘ஈ.சி.யூ.’ என்பர். புகைக் கட்டுப்பாட்டு விதியான பாரத் ஸ்டேஜ் நான்கு 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், டீசல் வண்டிகளில் இக்கருவி பெரிதும் இன்றியமையாததாகிவிட்டது.

இதன் வேகத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். நான்கு சிலிண்டர்களைக் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 2,400 முறை சுழன்றால், நொடிக்கு 40 சுற்றுகள் ஆகின்றன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வேண்டும். ஆகவே நொடிக்கு 80 முறை கணிப்பொறி இன்ஜெக்டர்களுக்கு ஆணையிடுகிறது. ஒவ்வொரு முறையும் கிராங்க் தண்டின் நிலை, குழாயின் அழுத்தம், காற்றின் அளவு, குளிர்நீரின் வெப்பம், ஆக்ஸிலரேட்டர் மிதியின் நிலை ஆகியவற்றைச் சென்சார்களின் வாயிலாக அறிந்தே அது செயற்படுகிறது.

ஐயத்திற்கு முதலில் உரியவை

கணிப்பொறி தன் பணியைச் செய்ய மூன்று தேவைகள் உண்டு: குறைவற்ற மின்னோட்டம், நல்ல எர்த் இணைப்பு, உண்மையான செய்தி. பழைய வண்டிகளில் இவற்றுள் ஒன்று குறைவதே அடிக்கடி நிகழ்வது.

துருப்பிடித்த எர்த் இணைப்பில் ஒரு ஓமில் பத்திலொரு பங்கு தடை மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் பாயும்போது, ஓம் விதிப்படி 1 வோல்ட் வீணாகிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 12 வோல்ட் பாட்டரியின் அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும்; பாட்டரி நலிந்திருந்தால் இன்னும் தாழும். அந்நிலையில் மேலும் 1 வோல்ட் குறைந்தால், கணிப்பொறி கணநேரம் செயலிழந்து மீண்டும் விழிக்கக்கூடும். எஞ்சின் கிளம்பாமைக்கு அதுவே போதும். பள்ளியில் கற்பிக்கப்படும் ஓம் விதிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

இதனைச் சோதிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. பல இழைகளுள் ஒன்றே எஞ்சியுள்ள கம்பியிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். ஏனெனில் அக்கருவி மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே இழுக்கிறது. 21 வாட் பல்பு ஒன்றை அக்கம்பியில் இணைத்துப் பார்ப்பது தக்க முறையாகும். பல்பு மங்கலாக எரிந்தால் கம்பியோ, பியூஸோ, ரிலேயோ பழுதுற்றது எனத் தெளியலாம். எர்த் பக்கத்தில், மின்னோட்டம் பாயும்போது, கணிப்பொறியின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட்டில் பத்திலொரு பங்குக்கு மேல் காட்டலாகாது.

பல சென்சார்கள் ஒருங்கே பழுதென்று காட்டும்போதும் கணிப்பொறியின்மீது ஐயம் எழுவது இயல்பு. ஆனால் அச்சென்சார்கள் பலவற்றுக்கும் 5 வோல்ட் மின்சாரம் பொதுவாக வழங்கப்படுவதுண்டு. அவற்றுள் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால், மற்றவையும் உடன் வீழ்கின்றன. சென்சார்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால், குற்றம் அச்சென்சாருடையதே. எல்லாவற்றையும் கழற்றி, இடைக் கம்பிகளும் நல்ல நிலையில் உள்ளன எனக் கண்ட பின்னரும் அது திரும்பாவிட்டால் கணிப்பொறியை ஐயுறலாம்.

கணிப்பொறி கெடுவது எவ்வாறு?

கணிப்பொறி உண்மையாகவே கெடுவதும் உண்டு. வெப்பமும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்குவதாலும், வண்டியின் அதிர்வாலும், பலகையிலுள்ள ஈயப்பற்றுகள் விரிசலடைகின்றன. அதனால்தான் சில வண்டிகள் சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்புகின்றன. எனினும் கிராங்க் சென்சாரின் பழுதும் இதே குறியைக் காட்டும் என்பதை மறத்தலாகாது. பழைய வகைக் கணிப்பொறிகளில் உள்ள மின்தேக்கிகளின் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். மழைநீர் கம்பிகளின் உறைக்குள் ஊர்ந்து பெட்டியை அடைவதும் உண்டு.

மனிதரால் விளையும் கேடுகளும் உள. பாட்டரி இணைப்பைக் கழற்றாமல் சாஸிஸில் வெல்டிங் செய்தல், 12 வோல்ட் வண்டியைக் கிளப்ப 24 வோல்ட் லாரியின் பாட்டரியை இணைத்தல், பாட்டரி முனைகளை மாற்றிப் பொருத்துதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இன்ஜெக்டரின் சுருள் ஷார்ட் ஆனாலும் அதனை இயக்கும் பகுதி கருகக்கூடும். அச்சுருளைக் கண்டு மாற்றாமல் புதிய பெட்டியைப் பொருத்தினால், அதற்கும் அதே கதி நேரும்.

மின்சாரமும் எர்த்தும் செய்திக் கம்பிகளும் செம்மையாக இருந்தும் சோதனைக் கருவியுடன் கணிப்பொறி தொடர்பு கொள்ளாமை, அல்லது பி0601, பி0606 போன்ற உட்பிழைக் குறிகள் அழித்தபின்னும் மீண்டும் மீண்டும் தோன்றுதல் ஆகியவை வலுவான சான்றுகளாகும்.

மாற்றும் முறை

புதிய பெட்டி வெறும் உலோகப் பெட்டியன்று. அதற்குரிய நினைவும் வேண்டும். ஒரே தோற்றமுடைய இரு பெட்டிகள் வெவ்வேறு எஞ்சின்களுக்கு உரியனவாக இருக்கலாம். ஆகவே பெட்டியின் மேலுள்ள எண்ணோடு மென்பொருளின் எண்ணும் பொருந்துதல் வேண்டும். பழைய பெட்டி தொடர்பு கொள்ளும் நிலையில் இருப்பின், கழற்றுமுன் அதன் பதிவுகளைப் படித்துச் சேமித்துக்கொள்வது அறிவுடைமை. பல வண்டிகளில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் மேலும் அதன் நுண்ணிய அளவு வேறுபாட்டைக் குறிக்கும் எழுத்தெண் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் புதிய கணிப்பொறியில் பதியாவிடில் எஞ்சின் சீரின்றி ஓடும், புகையும் மிகும். திருட்டுத் தடுப்பு அமைப்புள்ள வண்டியில் சாவியும் புதிய பெட்டியுடன் பழக்கப்பட வேண்டும். இல்லையேல் எஞ்சின் கிளம்பாது. வேறு வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும், இப்பதிவுகளை மாற்ற வழியுண்டா என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

பெட்டியைக் கழற்றுமுன் சாவியை அணைத்து, சில நிமிடங்கள் பொறுத்து, பாட்டரியின் எதிர்முனையை நீக்க வேண்டும். இணைப்பியின் ஊசிகளைக் கையால் தொடலாகாது. உடலில் தேங்கிய நிலைமின்சாரமும் கேடு விளைக்கும். மென்பொருளைப் பதியும்போது பாட்டரியின் அழுத்தம் இடையில் தாழ்ந்தால் பதிவு அரைகுறையாக நின்று, புதிய பெட்டியே பயனற்றுப்போகக்கூடும். எனவே அழுத்தத்தை நிலையாக வைக்கும் மின்வழங்கியை இணைத்துக்கொள்வது நலம். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் கம்பிகளைத் தொடுதலும், உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்துதலும் உயிருக்கு ஆபத்தானவை. அக்கம்பிகளில் 12 வோல்ட்டினும் மிக உயர்ந்த அழுத்தம் எழுகிறது. பீறிடும் டீசலோ தோலைத் துளைக்கும்.

பொருத்திய பின்னர் கம்பிக் கட்டு இணைப்பியினும் தாழ்ந்து தொங்குமாறு அமைத்தால், நீர் உள்ளே வழியாமல் கீழே சொட்டிவிடும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, பிழைக் குறிகளை மறுமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

செலவைத் தீர்மானிக்கையில் வண்டியின் எஞ்சிய ஆயுளையும் கருதுதல் தகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவ்வெல்லையை நெருங்கிய வண்டிக்குப் புதிய பெட்டி வாங்குவதைவிட, பழையதன் பலகையைத் தேர்ந்த தொழிலாளரிடம் பழுதுபார்ப்பது சிக்கனமாகலாம். எவ்வழியாயினும், பழைய பெட்டி எதனால் கெட்டது, எவ்வெச் சோதனைகள் செய்யப்பெற்றன, புதியதன் எண் யாது என்பவற்றை வண்டியின் பதிவேட்டில் குறித்துவைத்தல் வேண்டும். வண்டியைப் பின்னர் ஏற்கும் ஊழியருக்கு அக்குறிப்பு பெரிதும் துணைபுரியும்.