நகல் இருக்கிறது, கோப்பு வரவில்லை

கணினிக் கோப்புகளுக்குக் காப்புநகல் எடுக்கும் மென்பொருள், வேலை முடிந்ததும் தன் பதிவேட்டில் 'வெற்றி' என்று எழுதிவைக்கிறது. ஓரிடத்திலிருந்த தரவு இன்னோரிடத்தில் எழுதப்பட்டது என்பதை மட்டுமே அச்சொல் உறுதிசெய்கிறது. எழுதப்பட்டதை மறுபடி படிக்க முடியுமா, படித்ததைத் திறக்க முடியுமா, திறந்ததில் எழுத்து எழுத்தாகத் தெரியுமா என்னும் கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் வழக்கில் சொன்னால், அது செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் விழுந்த பேரைப் போன்றது: ஆள் மலைக்குப் போனதற்குப் பேர் விழுந்துவிடும், கூடையில் எத்தனை கிலோ கொழுந்து இருந்தது என்பது தராசில் நிறுத்த பின்னரே தெரியும். காப்புநகலுக்கு அந்தத் தராசு மீட்டெடுப்பு, அதாவது நகலிலிருந்து கோப்பை வெளியே எடுத்துத் திறந்துபார்ப்பது. பெரும்பாலான அலுவலகங்களில் அது அசல் அழிந்த நாளில்தான் முதன்முறையாக நடக்கிறது.

இந்த அலட்சியத்துக்கு இலங்கை கொடுத்த விலை 2023இல் வெளிப்பட்டது. கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீம்பொருளை ரான்சம்வெயர் என்பர். அத்தகைய ஒன்று அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில், அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கியிருந்த லங்கா அரச கிளவுட் கட்டமைப்பைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. கட்டமைப்பு 12 மணித்தியாலத்துக்குள் மீண்டும் இயக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோதிலும், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் திரும்பவில்லை; இணைப்பிலிருந்த நகலையும் தீம்பொருள் பூட்டிவிட்டிருந்தது, இணைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட நகல் அந்தக் காலப்பகுதிக்கு எடுக்கப்படவே இல்லை. மின்னஞ்சல் சேவையகத்தில் ஓடியது 2013ஆம் ஆண்டு வெளியீடாகிய பழைய மென்பொருள். அதைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போனது. நாட்டின் நிருவாகமே தன் மூன்று மாத மடல்களை இழக்கும்வரை ஒரு வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வைக்கும் பழக்கம் உருவாகவில்லை என்பது வருந்தத்தக்கது.

செல்வமும் திறமையும் மிகுந்த இடங்களும் இதற்கு விலக்கல்ல. மென்பொருள் வல்லுநர்களுக்கே களஞ்சியமாக விளங்கும் கிட்லாப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் கட்டளையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். மீட்கத் தேடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட நகல் உருவாகவே இல்லை என்பது தெரியவந்தது, தரவுத்தளம் 9.6 பதிப்பிலும் நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பிலும் இருந்ததால் ஒவ்வொரு முறையும் வேலை தோல்வியுற்றிருந்தது, தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களையோ அஞ்சல் சேவையகம் ஏற்காமல் திருப்பியிருந்தது. வேறொரு தேவைக்காக ஆறு மணித்தியாலம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிம்பமே அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது.

மொனராகலையின் இறப்பர்த் தோட்டத்து அலுவலகத்திலோ, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்திலோ ஒரு கோப்பு திரும்பாமற்போவதன் எடை வேறு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1958இல். 1992இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. அந்தக் கைமாற்றத்துக்கு முன்னும் பின்னும் உழைத்த ஒரு தொழிலாளி ஓய்வுபெற்றுச் சேமலாப நிதியைக் கேட்கும் நாளில், அவர் உழைத்த ஆண்டுகளுக்குச் சான்றாக இருப்பது அங்கத்துவ எண்ணும், சம்பளப் பதிவும், பெயர் எழுதப்பட்ட விதமுமே. பழைய பேரேடு கறையானுக்குத் தப்பியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணினிக்கு மாறிய பின் பேரேடு எழுதுவது நின்றுவிட்ட அலுவலகங்களில் காப்புநகல் ஒன்றே கதி.

மீட்டெடுப்பு தோற்பதற்கான காரணங்களில் சில யாவரும் அறிந்தவை: இடம் போதாமை, பழுதான கேபிள், தேய்ந்த வன்தட்டு. அவற்றைவிட மௌனமானவை சில உண்டு. முழு நகல் ஒன்றை எடுத்துவிட்டு, அதன்பின் நாள்தோறும் மாறியவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் முறையில், இடையில் ஒரு நாளின் கண்ணி கெட்டால் அதற்குப் பிந்திய நாள்கள் யாவும் பயனற்றுப்போகும். சம்பள மென்பொருள் திறந்திருக்கும்போதே அதன் தரவுத்தளத்தை இழுத்து நகலெடுத்தால், பாதி எழுதப்பட்ட பக்கங்களும் சேர்ந்தே நகலாகும். கோப்பின் அளவு சரியாக இருக்கும், மென்பொருள் அதைத் திறக்க மறுக்கும். மலிவு விலைக்கு வரும் போலிப் பென்ட்ரைவ்கள், தம்மிடம் இல்லாத கொள்ளளவைக் கணினிக்கு அறிவித்து, உள்ளிடம் நிறைந்த பின்னும் எழுதுவதாகவே காட்டிக்கொள்ளும். கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். பிட்லாக்கர் என்னும் மறைகுறியாக்க வசதியால் பூட்டப்பட்ட வன்தட்டைத் திறக்கக் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ வேண்டும். அதை அறிந்திருந்த கிளாக்கர் ஓய்வுபெற்றுப் போனபின் தட்டு நலமாகவும் தரவு எட்டாததாகவும் இருக்கும்.

தமிழில் எழுதும் அலுவலகங்களுக்கு இவற்றுக்கு மேல் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. அதைப் பற்றிக் கணினி நூல்கள் பேசுவது மிக அரிது. இன்று உலகப் பொதுவான யுனிகோட் முறையில் உயிர்மெய் எழுத்துகள் பல அகர எழுத்துக்கும் உயிர்க்குறிக்குமாகவும், மெய்யெழுத்துகள் அகர எழுத்துக்கும் புள்ளிக்குமாகவும் இரண்டு குறியெண்களாகப் பதிவாகின்றன. பரவலான சேமிப்பு வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் இடம் கொள்கிறது. 'தோட்டத்தொழிலாளர்' என்பது கண்ணுக்கு ஒன்பது எழுத்து, குறியெண்ணில் 16, பைட்டில் 48. விண்டோஸ் தன் கோப்புப் பெயரில் 255 குறியெண்வரை ஏற்கும். வலையமைப்பில் இணைக்கப்படும் சேமிப்புப் பெட்டிகளிற் பல ஓடும் லினக்ஸ் வகைக் கோப்பு முறைமையோ 255 பைட்டுக்கு மேல் ஏற்காது, அதாவது ஏறத்தாழ 85 தமிழ்க் குறியெண். ஆகவே பிரிவு, மாதம், கொடுப்பனவின் பெயர் என்று நீளமாகத் தமிழில் பெயரிடப்பட்ட கோப்பு, கணினியில் குறையின்றி இருந்துகொண்டே, நகலெடுப்பில் மட்டும் ஒவ்வொரு இரவும் விடுபடலாம். ஆங்கிலத்தில் பெயரிட்டிருந்தால் இது நேராது. தமிழில் பெயரிடும் உரிமையை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை, பெயரைச் சுருக்கினால் போதும்.

இதனினும் விந்தையானது பாமினியின் கதை. யுனிகோட் பரவுமுன் இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பெருமளவுக்குப் பாமினி எழுத்துருவிலேயே நடந்தது, இன்னமும் பல அலுவலகங்களில் நடக்கிறது. இத்தகைய எழுத்துரு தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை; ஆங்கில எழுத்துக்குரிய குறியெண்ணையே சேமித்து, திரையில் மட்டும் தமிழ் உருவத்தை வரைகிறது. பழைய நகலிலிருந்து ஒரு கோப்பு புதிய கணினிக்கு மீட்கப்படும்போது, ஒரு பைட்டும் குறையாமல் வந்து சேர்ந்தாலும், அந்தக் கணினியில் பாமினி நிறுவப்படாவிட்டால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பார்ப்பவர் கோப்பு கெட்டுவிட்டது என முடிவுகட்டி அழித்துவிடுகிறார். நகல் எடுத்தவர், மீட்டவர், கருவி எல்லாம் சரியாகச் செய்த வேலை கடைசி நொடியில் வீணாகிறது. உண்மையில் சிதைந்த கோப்பையும் எழுத்துரு இல்லாத கோப்பையும் பிரித்தறிய எளிய அடையாளம் அரைப்புள்ளியே: மெய்யெழுத்துக்கு மேலுள்ள புள்ளி பாமினியில் அரைப்புள்ளிக் குறியில் அமைந்திருப்பதால், சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி மலிந்து கிடக்கும் பக்கம் பெரும்பாலும் நலமான தமிழ்ப் பக்கமே. எழுத்துருவை நிறுவினால் அது அப்படியே எழுந்து நிற்கும். பின்னர் மாற்றிக் கருவியால் யுனிகோடுக்குக் கொண்டுவரலாம்.

மீட்டெடுப்பு தோற்கும்போது முதலில் செய்யவேண்டியது நிறுத்துவது. எஞ்சியுள்ள ஒரே நகலின்மீது மறுபடி மறுபடி முயல்வதைவிட, அந்த நகலையே முதலில் இன்னொரு தட்டுக்குப் பிரதிசெய்து, பிரதியின்மீது முயல்வது பாதுகாப்பானது. மீட்கும் கோப்பைப் பழைய இடத்தின்மேல் எழுதாமல் புதிய கோப்புறைக்கு அனுப்பினால், கெட்ட நகல் நல்ல அசலை விழுங்குவது தவிரும். அடுத்து மென்பொருளின் பதிவேட்டை இறுதி வரியில் மட்டுமன்றி இடையிலும் வாசிக்க வேண்டும், ஏனெனில் விடுபட்ட கோப்புகளின் பெயர்கள் 'வெற்றி' என்ற சொல்லுக்கு மேலேயே கிடக்கும். அனுமதி மறுக்கப்படுவதாகச் செய்தி வந்தால், கோப்பு பழைய கணினியின் பயனர் பெயரில் பூட்டப்பட்டிருக்கலாம். நிருவாகி கணக்கிலிருந்து உரிமையை மாற்றிக்கொள்ள முடியும். அண்மைய நகல் திறக்காவிட்டால் அதற்கு முந்திய நாளுக்கு, அதற்கும் முந்திய நாளுக்கு என்று பின்னோக்கிப் போகவேண்டும். கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவுச் சேவையை நம்பியிருந்தவர்கள், இங்கே அழித்தது அங்கேயும் அழியும் என்பதையும், அதன் குப்பைக்கூடை 30 நாளில் காலியாகும் என்பதையும் நினைவிற்கொண்டு விரைய வேண்டும்.

ஊவாவில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை வழமை. கணினியோடு எப்போதும் செருகியே கிடக்கும் காப்புத் தட்டு, மின்னல் பாய்ந்தால் கணினியோடு சேர்ந்தே எரியும். ரான்சம்வெயர் வந்தால் சேர்ந்தே பூட்டப்படும். ஒளிப்படக்காரரான பீட்டர் குரோக் பரப்பிய விதி மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று கூறுகிறது. சிறிய தோட்ட அலுவலகத்துக்கு அது இரண்டு வன்தட்டுகளை வாரத்துக்கொருமுறை மாற்றிச் செருகி, கழற்றியதை வேறொரு கட்டடத்தில் வைப்பதாகவே முடியும். மாதத்துக்கு ஒரு சம்பளப் பட்டியலையேனும் கழற்றிய தட்டிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, அச்சில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும்; பாமினி எழுத்துருக் கோப்பும் சம்பள மென்பொருளின் நிறுவல் கோப்பும் தரவோடு அதே தட்டில் இருக்கவேண்டும். அவ்வாறு ஒப்பிடும்போது உதவும் ஒன்று உண்டு: பாமினியில் எண்கள் எண்களாகவே பதிவாகின்றன என்பதால், தொழிலாளியின் பெயர் அரைப்புள்ளிகளாகத் தெரியும் வரியிலும் அவருடைய சேமலாப நிதி எண் பிழையின்றித் தெரியும், அந்த எண்ணைக் கொண்டே வரியை உரியவரோடு பொருத்தலாம்.